முழங்காலில் முக்கால் மணி நேரம்

என்னை என்றைக்கும் நம்பாத, ஆனாலும் தங்கையைக் கட்டிக் கொடுத்துவிட்டதால் வேறு வழியில்லாத என் அன்பு மச்சானுக்கு, உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் பணிவோடு எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும், உங்கள் டயர் கடை நன்றாக உருள வேண்டும், உங்களுக்குச் சர்க்கரை இறங்க வேண்டும், அதோடு சேர்ந்து குரலும் கொஞ்சம் இறங்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கடிதத்தைக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து மேடும் பள்ளமுமாக இருந்தால் ஐந்தாம் வகுப்போடு நின்ற என் படிப்பைத் திட்டாதீர்கள், தலையணையைத் திட்டுங்கள். விஷயம் என்னவென்றால், உட்காருகிற இடத்தில் எனக்கு ஒரு கட்டி வந்தது. வலது பக்கம். எலுமிச்சம்பழ அளவு. முப்பத்திரண்டு வருஷம் தையல் மிஷின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து ஊர் முழுக்கக் கால்சட்டை தைத்தவன் நான். அத்தனை வருஷமும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் உழைத்த அந்த இடம், கடவுள் வேலைக்கு வந்த பதினாறாம் மாதம் வேலைநிறுத்தம் செய்துவிட்டது.

சிரித்து முடித்துவிட்டீர்களா? அக்காவைக் கூப்பிட்டு ஒரு தடவை வாசித்துக் காட்டிச் சிரித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

நாங்கள் கிளம்பின அன்று, பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டே எல்லார் முன்னாலும் நீங்கள் சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "மாப்பிள்ளை மூணு மாசம் தாங்குவாரு. டீ இல்லாம மூணு மாசம்கிறதே நான் பெரிய மனசு பண்ணிச் சொல்றது." அன்றைக்கும் சிரித்தீர்களே தவிர, இந்த ஊழியம் என்றால் என்னவென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். எங்கள் மார்மன் சபையில் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள் வீட்டை விட்டு இரண்டு வருஷம் வருவார்கள். வெள்ளைச் சட்டை, டை, தேய்ந்த ஷூ. காலை ஆறரைக்கு எழ வேண்டும், வேதம் படிக்க வேண்டும், அப்புறம் இரண்டிரண்டு பேராகக் கிளம்பிக் கதவு கதவாகத் தட்ட வேண்டும். டீ, காபி கிடையாது. சினிமா கிடையாது. ஜோடியை விட்டு ஒருவன் தனியாக எங்கும் போகக் கூடாது, கழிப்பறை மட்டும் விலக்கு. இதில் பெரிய வேடிக்கை, மீசை முளைக்காத அந்தப் பயல்கள் எல்லாருக்கும் 'எல்டர்' என்று பெயர், அதாவது மூப்பர். ஐம்பத்தாறு வயதில் வழுக்கையோடு வந்த எனக்கும் அதே பெயர்தான். குழப்பம் வரக் கூடாதென்று என்னைப் 'பெரிய எல்டர்' என்கிறார்கள். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்ட எங்களைப் போன்ற தம்பதிகளுக்கு ஒன்றரை வருஷம்தான். நாங்கள் கதவைத் தட்டுவதில்லை, தட்டுகிறவர்களை மேய்க்கிறோம்.

மேய்ப்பதில் உங்கள் தங்கைக்கு உடல்நலப் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் புண்ணுக்குக் கட்டுப் போட்டவள் அல்லவா, இருபத்து நாலு பிள்ளைகளின் வயிறு, தொண்டை, கால் நகம் எல்லாம் அவள் கையில். எனக்கு அறைச் சோதனை. மாதம் ஒரு தடவை போய், அடுப்பு, குளியலறை, மெத்தை, ஜன்னல் என்று பார்த்து, அங்கே தொங்கும் அட்டையில் 'நன்று' என்று டிக் போட வேண்டும். மச்சான், அந்த அறைகளை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் ஃபிரிட்ஜுக்குள் ஷூ இருந்தது. நாற்றம் வெளியே வராமல் இருக்கவாம். இன்னொரு வீட்டில் ஜன்னல் கதவு ஆடாமல் டையால் கட்டியிருந்தார்கள், அதே டையை மறுநாள் கழுத்தில் பார்த்தேன். ஊருக்கெல்லாம் நித்திய வாழ்வைப் பற்றிச் சொல்லப் போகிறவன், தன் வீட்டு முட்டைக்கு இன்னும் எத்தனை நாள் வாழ்வு என்று பார்ப்பதில்லை. அதனால் நாங்கள் சாப்பிட உட்காருகிற நேரம் பார்த்துச் சரியாகப் போன் வரும். உங்கள் தங்கை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிடுவாள்.

"சிஸ்டர், காலையிலேர்ந்து தண்ணி மாதிரி போகுது."

"எத்தனை தடவை?"

"எண்ணல சிஸ்டர்."

"எண்ணு. நேத்து என்ன சாப்பிட்ட?"

"நூடுல்ஸ்."

"முந்தாநாள்?"

"அதே நூடுல்ஸ்."

"அதே மாதிரி நூடுல்ஸா, இல்ல அதே நூடுல்ஸேதானா?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுவேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேலி இல்லாமல். உங்கள் வீட்டில் நாலு பேர் வந்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று பேசுவாளே, அந்தத் தங்கை இங்கே இல்லை. வாரா வாரம் திங்கட்கிழமை அந்த இருபத்து நாலு தடியன்களை உட்கார வைத்துப் பாடம் எடுக்கிறாள். "வியாதிய மறைக்காதீங்கப்பா. மறைச்சு வச்சா அதுக்கு மரியாதை கூடிப் போகும்." அவளை விட ஒன்றரை அடி உயரமானவன் எல்லாம் "சரி சிஸ்டர்" என்று தலையை ஆட்டுகிறான். இதற்காக இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தாள். மூத்தவள் கல்யாணம், இளையவன் படிப்பு, என் கடை வாடகை, என் சோம்பேறித்தனம் என்று தள்ளிப் போட்டுப் போட்டு, கடைசியில் நான் "சரி போகலாம்" என்று சொன்னபோது அவள் அழுதாள். நான் அவளுக்குத் துணைக்கு வந்தவன்தான், பக்தியால் வந்தவன் இல்லை. ஜெபத்தில் எனக்குத் தூக்கம் வரும் என்பதும், அவள் முழங்கை என் விலாவில் இறங்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்த சங்கதி.

இப்போது கட்டிக்கு வருகிறேன். எங்களுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு ஜோடி இருக்கிறது. ஒருவனை நான் ஒட்டடைக்கம்பு என்பேன், உயரம் அப்படி. இன்னொருவன் தும்மல். வாயைத் திறந்தால் வசனத்துக்கு முன்னால் தும்மல்தான் வரும். ஒட்டடைக்கம்பு ஒரு நாள் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டே படி இறங்கினான். வசனம் முடிவதற்கு முன் படி முடிந்துவிட்டது. கணுக்கால் வீங்கி, எங்கள் ஊழியத் தலைவர் வீட்டில் ஒன்பது நாள் படுக்கை. இங்கே தும்மல் தனியாக மாட்டிக்கொண்டான். தனியாக வாசலைத் தாண்டக் கூடாது, ரொட்டி வாங்கக்கூடத் துணை வேண்டும். அவன் முகத்தைப் பார்த்து நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "ஒன்பது நாளும் நானே உனக்கு ஜோடிடா தம்பி" என்றேன். "பெரிய எல்டர், சைக்கிள்ல போகணுமே?" என்றான். "நீ பிறக்கறதுக்கு முன்னாடியே நான் ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டினவன்" என்றேன். கையை விட்டது உண்மை. ஆனால் அந்தக் காலத்து சீட்டில் ஸ்பிரிங் இருந்தது, மச்சான். இப்போது சீட் என்ற பெயரில் கத்தியைப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஒன்பது நாள், தினம் பதினெட்டு கிலோமீட்டர். எழுபத்தாறு கதவு தட்டினோம், மூன்று திறந்தது, அதில் ஒன்று நாயை வெளியே விடுவதற்காக. பத்தாம் நாள் காலையில் ஷூ லேஸ் கட்டக் கட்டிலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தைவிட எழுந்த வேகம் அதிகம்.

உடனே உங்கள் தங்கையிடம் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்பீர்கள். எப்படிச் சொல்வது? எங்களுக்கு முன் இந்த வீட்டில் இருந்த பெரியவர் ஒரு நாள் தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான். மேலிடத்துக்கு உடல்நலப் படிவம் போனது, பதில் வந்தது, பதினோராம் நாள் பெட்டி படுக்கையோடு கணவனும் மனைவியும் ஊரில் இருந்தார்கள். வீட்டுக்காரிக்கு ஒரு குறையும் இல்லை, பாவம், ஜோடி என்பதால் அவளும் போனாள். நான் வாயைத் திறந்தால் உங்கள் தங்கை அன்றைக்கே படிவத்தை எடுப்பாள், அவளுக்குப் பொய் எழுத வராது. முடிக்க இன்னும் எட்டு வாரம்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து வந்தவளை, என் பின்பக்கத்தில் வந்த ஒரு எலுமிச்சம்பழத்துக்காகத் திருப்பி அழைத்துப் போவதா? உங்கள் சிரிப்பையும் நினைத்தேன், அது வேறு. சரி, எட்டு வாரத்தை நின்றே ஓட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். நின்றுகொண்டு சாப்பிட்டேன், "செரிமானத்துக்கு நல்லதாம்" என்றேன். நின்றுகொண்டு பைபிள் படித்தேன். அவளுடைய மருந்துப் பெட்டியில் இருந்து ஒரு களிம்புக் குழாயைத் திருடிக் குளியலறையில் ஒளித்துவைத்தேன். குழாய் காணவில்லை என்றதும் அவள் சந்தேகம் தும்மல் மேல் விழுந்தது, அவன்தான் அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன். நேர்மையைப் பற்றி அவனுக்கு அரை மணி நேரம் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். என்னைத் திட்டுவதென்றால் இந்த இடத்தில் திட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் எவ்வளவு நேரம்தான் நிற்பது? கால் வீங்கியது. பகலில் படுத்தால் அவளுக்குச் சந்தேகம் வரும். அப்போதுதான் ஒரு காலை ஜெபத்தில் கண்டுபிடித்தேன். இங்கே கணவன் மனைவி சேர்ந்து கட்டில் ஓரமாக முழங்காலில் நின்று ஜெபம் செய்ய வேண்டும், நாள் விட்டு நாள் என் முறை. முழங்கால் தரையில், நெஞ்சு மெத்தையில். மச்சான், அந்த இடம் காற்றில்! எதிலும் படவில்லை! நாலைந்து நாளில் முதல் தடவையாக எனக்கு வலி இல்லை. அந்தச் சுகத்தை விட மனம் வரவில்லை. ஜெபம் முடிந்தால் எழுந்திருக்க வேண்டும், அதனால் முடிக்கவில்லை. "இனிமே தினமும் நானே சொல்றேன்மா" என்று அவள் முறையையும் வாங்கிக்கொண்டேன். உரக்கச் சொல்ல வேண்டும் என்பதுதான் கஷ்டம், சரக்கு வேண்டுமே. பிள்ளைகளுக்கு வேண்டினேன், மருமகனுக்கு வேண்டினேன், உங்கள் டயர் கடைக்கு மட்டும் ஆறு நிமிஷம் வேண்டினேன். இருபத்து நாலு பேரின் வயிற்றையும் தனித்தனியாக ஒப்புக்கொடுத்தேன். அதற்கப்புறமும் நேரம் இருந்தது. என் பழைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவரையும் இடுப்பளவோடு சொல்லி வேண்டினேன். முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தால் முக்கால் மணி நேரம். பக்கத்தில் உங்கள் தங்கை கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு, கன்னத்தில் கண்ணீரோடு முழங்காலில் இருந்தாள். ஐயோ, எவ்வளவு உருகிப்போயிருக்கிறாள் என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் மூத்தவளிடம் அவள் போனில் பேசியது காதில் விழுந்தது. "அப்பா மாறிட்டாருடி. நெஜமாத்தான். முக்கா மணி நேரம் முழங்கால்ல நிக்கிறாரு. நான் இத்தன வருஷம் கேட்டது கெடச்சிருச்சு." நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அதுவரைக்கும் எனக்குக் கட்டி ஒன்றுதான் பாரம். அன்றிலிருந்து இரண்டாகிவிட்டது. ஊருக்கு அனுப்பிவிடுவார்களே என்ற பயம் போய், இது ஜெபம் இல்லை, கட்டி என்று இவளுக்குத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்துவிட்டது.

பொய்க்குக் கால் முளைக்க நாளாகவில்லை. ஒரு நாள் ரொட்டி கடன் கேட்டு மேலே வந்த ஒட்டடைக்கம்பும் தும்மலும், திறந்த கதவு வழியாக எங்களைப் பார்த்துவிட்டு, நாற்பது நிமிஷம் வாசலிலேயே தலையைக் குனிந்து நின்றிருக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமைக்குள் இருபத்து நாலு பேருக்கும் செய்தி போய்விட்டது. அதோடு கூட்டங்களில் நான் உட்காருவதில்லை அல்லவா, பின்னால் சுவரோரமாக நிற்பேன். "பெரிய எல்டர் வேதத்துக்கு முன்னாடி உட்காரவே மாட்டாரு" என்று கிளப்பிவிட்டான் ஒருவன். அந்த வாரம் என்னோடு நாலு பேர் நின்றார்கள், மறுவாரம் பதினோரு பேர். முன்னால் இருந்த நாற்காலி எல்லாம் காலி, பின்னால் சுவர் முழுக்க வெள்ளைச் சட்டை. ஒருவனாவது "ஏன் நிக்கிறீங்க?" என்று என்னைக் கேட்கவில்லை, மச்சான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் தலைவர் நல்ல மனுஷன். பல் டாக்டராக இருந்தவர், மெதுவாகப் பேசுவார், எல்லாவற்றையும் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். என் தோளில் கை போட்டு, "பெரிய எல்டர், வர்ற கூட்டத்துல ஜெபத்தப் பத்தி ஒரு பத்து நிமிஷம் நீங்க பேசணும். பசங்களுக்கு உங்க வாயால கேக்கணும்" என்றார். "ஐயா, எனக்குப் படிப்பு கிடையாது" என்றேன். "அதுதான் அழகு" என்று குறித்துக்கொண்டார். இப்படித்தான் கட்டி வந்த பத்தொன்பதாம் நாள், மேடையில் மைக் முன்னால் நின்றேன். இரண்டாம் வரிசையில் உங்கள் தங்கை, இருக்கிறதில் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். சரி, உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடுவோம், அப்புறம் பெட்டியைக் கட்டுவோம் என்று வாயைத் திறந்தேன்.

"தம்பிங்களா, நீங்க நினைக்கிற மாதிரி நான் பெரிய ஆள் இல்ல. வேற வழியில்லாமத்தான் முழங்கால்ல நிக்கிறேன்" என்றேன். எல்லாரும் நோட்டைத் திறந்தார்கள்.

"நின்னா எனக்கு வலி. உக்காந்தா அதைவிட வலி. முழங்கால்ல மட்டும்தான் நிம்மதி" என்றேன். இருபத்து நாலு பேனா ஒரே நேரத்தில் ஓடிய சத்தம் கேட்டது. தும்மல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இல்லடா, நான் சொல்ல வர்றது, எனக்குள்ள ஒண்ணு இருக்கு. அதை வெளிய காட்ட வெக்கப்பட்டு மறைச்சிட்டேன். அது நாளுக்கு நாள் பெருசாகிக்கிட்டே இருக்கு" என்றேன். "ஆமென்" என்றது பின்வரிசை. என்ன சொன்னாலும் பிரசங்கமாகிவிட்டால் நான் என்ன செய்ய? கட்டி என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது, அதற்குள் தலைவர் எழுந்து வந்துவிட்டார். கண் கலங்கி என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்க இன்னைக்கு என் பக்கத்துலதான் உக்காரணும்" என்று இரண்டு தோளையும் பிடித்து, அன்போடு, பல் டாக்டர் பலத்தோடு, ஒரு மர நாற்காலியில் என்னை அழுத்தினார்.

நான் போட்ட சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. அடுத்த பாட்டை ஆரம்பித்திருந்த பியானோ நின்றுவிட்டது. அரங்கம் முழுக்கக் கண்ணை அகல விரித்துப் பார்த்தது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று "ஆமென்" என்றேன். எல்லாரும் "ஆமென்" என்றார்கள். அதிலும் இரண்டு பேர் நோட்டில் குறித்தார்கள்.

உங்கள் தங்கை மட்டும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தை இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் கேட்டவள் அவள். எழுந்து வந்தாள். அப்போதுதான் பார்க்கிறேன், மச்சான், அவள் நொண்டினாள். ஒவ்வொரு நாற்காலி முதுகையும் பிடித்துப் பிடித்து வந்தாள். என் கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கும் அறை அது. சுவரில் யானை ஒட்டியிருந்தது.

"திரும்புங்க" என்றாள். திரும்பினேன். நாற்காலியில் அழுத்தியதில் கட்டி உடைந்திருந்தது. யானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எத்தனை நாளா?"

"பத்தொம்பது."

"களிம்பு?"

"நான்தான் எடுத்தேன்."

"அந்தப் பையன அரை மணி நேரம் திட்டினேனே, பக்கத்துல நின்னு தலைய ஆட்டினீங்களே!"

"ஆட்டினேன்."

கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். வலியில் நான் பல்லைக் கடித்தேன். "அப்ப முழங்கால்ல நின்னதெல்லாம்?" என்றாள். நான் யானையின் தும்பிக்கையைப் பார்த்தேன். "கேக்கறேன்ல. முக்கா மணி நேரம். அதெல்லாம்?"

"அப்படி நின்னா மட்டும்தான் வலிக்கல" என்றேன். "சொன்னா நீ படிவம் எழுதுவ. நம்மள அனுப்பிருவாங்க. நீ இங்க இருக்கற மாதிரி எங்கயும் இருந்து நான் பாத்ததில்ல. அதைக் கெடுக்க மனசு வரல." அதற்கு மேல் பேசவில்லை, பேசியிருந்தால் குரல் உடைந்திருக்கும். உடைந்தது ஒன்று போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

அவள் பஞ்சை வைத்துவிட்டு, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். இரண்டு முழங்காலும் பன்ரொட்டி மாதிரி வீங்கிச் சிவந்து கிடந்தது. "எனக்கு ஒரு வருஷமா முழங்கால் தேய்மானம். அஞ்சு நிமிஷம் தாங்கும். நீங்க முக்கா மணி நேரம் எழுந்திருக்க மாட்டேங்கிறீங்க. பாதியில எழுந்தா உங்க பக்தி கலைஞ்சிருமோன்னு நானும் எழுந்திருக்கல."

"அப்ப அந்தக் கண்ணீரு?"

"வலி."

"நீயும் சொல்லலையே!"

"சொன்னா படிவம் எழுதணும்" என்றாள். பிறகு கேட்டாள், "அவ்வளவு நேரத்துல ஒரு வார்த்தையாவது நெஜமா வேண்டினீங்களா?"

"வாயில என்னென்னமோ சொன்னேன். மனசுக்குள்ள ஒண்ணே ஒண்ணுதான். ஆண்டவரே, இது உடையணும்."

"நானும் மனசுக்குள்ள ஒண்ணே ஒண்ணுதான் வேண்டினேன். ஆண்டவரே, இவர் சீக்கிரம் ஆமென் சொல்லணும்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. எங்கள் சத்தத்தைக் கேட்ட பிள்ளைகள், உள்ளே இருவரும் பரிசுத்த ஆவியால் நிறைந்து அழுகிறார்கள் என்று வெளியே மண்டியிட்டுவிட்டார்களாம். கதவைத் திறந்தால் நடக்க வழியில்லை.

அதற்குப் பிறகு அவள் படிவம் எழுதினாள். இரண்டு படிவம், என்னுடையது ஒன்று, அவளுடையது ஒன்று. டாக்டரம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "இவர் பத்து நாள் உட்காரக் கூடாது, இவங்க ஒரு மாசம் மண்டி போடக் கூடாது. ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆள் தேறும்" என்று எழுதிக் கொடுத்தார். அதைத் தலைவரிடம் கொடுத்து, நடந்ததை எல்லாம் நானே சொன்னேன். அவர் நோட்டை மூடிவிட்டு, "ஊருக்கு அனுப்பற அளவுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பசங்க எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்களே. நல்ல பேச்சு அது. அப்படியே இருக்கட்டுமே" என்றார். உங்கள் தங்கை விடவில்லை. அடுத்த திங்கட்கிழமைப் பாடத்துக்கு என்னையே எழுப்பி நிற்க வைத்து, "வியாதிய மறைச்சா என்ன ஆகும்னு இத்தன நாள் வாயால சொன்னேன். இன்னைக்கு ஆளையே கொண்டு வந்திருக்கேன்" என்று, இடம் பொருள் அளவு எல்லாம் சொன்னாள். இருபத்து நாலு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மேடையில் பார்த்த பார்வை இல்லை. எல்லார் முன்னாலும் தும்மலிடம் களிம்புக்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல பெரிய எல்டர், எனக்குத் தெரியும். உங்க குளியலறையில பார்த்தேன்" என்றான். தெரிந்தும் அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். எங்கள் எல்லாரிலும் எல்டர் அவன்தான்.

அன்று சாயங்காலம் போன் ஓயவில்லை. ஒருவனுக்கு ஏழு மாதமாகக் கால் நகம் சீழ். ஒருவன் மூக்குக்கண்ணாடி உடைந்து, எதிரில் வருவது ஆளா கம்பமா என்று தெரியாமலேயே நற்செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறான். கடைசியாகக் கூப்பிட்டவன் தும்மல். "சிஸ்டர், படி ஏறினா மூச்சு வாங்குது. நாலு மாசமா. சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவீங்கன்னு." அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, நொண்டிக்கொண்டே கீழே போனாள். நானும் போனேன். அவன் மெத்தையைத் திருப்பினோம். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம், கையை வைத்தால் தூள் பறக்கிறது. சுவரில் ஆணியில் என் சோதனை அட்டை தொங்கியது. 'மெத்தை: நன்று.' பதினாறு டிக், எல்லாம் என் கையெழுத்து. மேல்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு டிக் போட்டவன் நான், மச்சான். சுவரோரம் நிற்கிறவர்களையும் மண்டி போடுகிறவர்களையும் கேலி செய்து இவ்வளவு எழுதினேனே, அந்த இடத்தில் எனக்கு ஒரு கேலியும் வரவில்லை. மறுநாளே புது மெத்தை வந்தது. அவன் இப்போது மருந்தை உறிஞ்சி இழுக்கிறான், தும்மல் பாதியாகக் குறைந்துவிட்டது. பெயரை மாற்ற வேண்டியிருக்கும். யாரையும் ஊருக்கு அனுப்பவில்லை.

ஆகவே மச்சான், மூன்று மாதம் என்று சொன்னீர்கள், நாங்கள் முழுசாக முடித்துவிட்டுத்தான் வருகிறோம். இன்னும் நாலு வாரம்தான். எங்கள் வீட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கிவைக்க ஆளைப் பாருங்கள். என் தையல் மிஷினுக்கு எண்ணெய் போடச் சொல்லுங்கள், ஸ்டூலில் பஞ்சு வைக்கச் சொல்லுங்கள். வந்து இறங்கின அன்றைக்கு முதல் வேலை, நம் இருவருக்கும் பிடித்தமாதிரி ஒரு முழுநாள் பேச்சு, நீங்கள் டீயோடும் நான் வெந்நீரோடும். இந்தக் கட்டி விஷயம் நம் இருவரோடும் இருக்கட்டும், அக்காவிடம் நீங்கள் ஏற்கனவே சொல்லிவிட்டிருந்தால் அக்காவோடு நிற்கட்டும். பிள்ளைகள் எல்லாருக்கும் என் ஆசீர்வாதம், பெரியவர்களுக்கு என் வணக்கம், உங்களுக்கு மட்டும் இரண்டும் இல்லை, என் அன்பு. நீங்களும் உங்கள் குடும்பமும் ஒரு நோவும் இல்லாமல், இருந்தாலும் அதை மறைக்காமல், நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி நாலு நாள் ஆகிறது, தபாலில் போடக் கூட வர என் ஜோடிக்கு முழங்கால் சரியில்லை. இதற்குள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஜெபத்தைப் பற்றி நான் பேசியதைக் கேட்டு, நான் உண்மையைச் சொல்வதற்கு முன்பே, அதாவது நாற்காலிக்கும் படிவத்துக்கும் நடுவில், தலைவர் எங்களைப் பற்றிப் புகழ்ந்து எழுதிப் போட்டுவிட்டாராம். எங்கள் ஊழியத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள். எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் நான் போய் ஜெபம் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். என்னைக் கேட்பதற்கு முன்னாலேயே உங்கள் தங்கை சரி என்று சொல்லிவிட்டாள். ஆகவே வீட்டைக் கூட்ட வேண்டாம், மிஷினுக்கு எண்ணெயும் வேண்டாம். டாக்டரம்மா சொன்ன பத்து நாள் இன்று காலையோடு முடிந்ததால், சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட மேசை முன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதன் மேல் உங்கள் தங்கை சட்டையில் குத்திக்கொள்ளும் பெயர்ப் பட்டை, ஊசி மேல் பக்கமாகத் திறந்தபடி இருந்தது. பட்டை வளைந்துவிட்டது. வேறு பட்டை கேட்டு அவள் எழுதியிருக்கிறாள். காரணம் என்ற இடத்தில் 'தேய்மானம்' என்று போட்டிருக்கிறாள்.